கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டா உள்ளே என்ன நடக்குது? தறி நூல் மாதிரி கட்டப்பட்ட தசை!

கைத்தறி நெசவுக்குப் பேர்போன ஊர் கடலூர் மாவட்டத்தின் புவனகிரி. குழித்தறியில் உட்கார்ந்தால் கை நாடாவைத் தள்ளும், கால் மிதிக்கட்டையை மிதிக்கும். ஒவ்வொரு மிதிக்கும் சுருங்கி விரிவது கெண்டைக்கால் தசை. நாள் முழுக்க உழைத்த அந்தத் தசை, ராத்திரி தூக்கத்தில் கல்லு மாதிரி இறுகினால் உயிரே போகிற வலி. அப்படி என்னதான் இருக்கு தசைக்குள்ளே?

கற்றைக்குள் கற்றை

நம் உடலில் எலும்போடு சேர்ந்த தசைகள் 600-க்கும் மேல். ஒரு தசையைப் பிரித்தால் உள்ளே கற்றைகள். கற்றைக்குள் தசை இழைகள். தலைமுடி அளவே தடிமன் உள்ள ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு செல்தான். ஆனால் அதற்குப் பல உட்கருக்கள். அதற்குள்ளே இன்னும் மெல்லிய மயோஃபைப்ரில்கள். நெசவுக்கு நூலைச் சிட்டமாகக் கட்டுவது போல, ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் உறை உண்டு.

இந்த உறைகளும், தசையை எலும்போடு இணைக்கும் நாணும் பெரும்பாலும் கொலாஜன் புரதம். அது மூன்று புரிகள் சேர்ந்த அமைப்பு என்று 1954-ல் சொன்னவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்.

தசை எப்படிச் சுருங்குது?

மயோஃபைப்ரிலில் சார்கோமியர் என்ற சின்னச் சின்ன அறைகள் வரிசையாக இருக்கும். அதில் தடித்த மயோசின் இழை, மெல்லிய ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்கும். இழைகள் குறுகுவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகின்றன. இதையும் அதே 1954-ல்தான் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக வெளியிட்டன.

நரம்பு கட்டளை கொடுத்ததும் இழைக்குள் கால்சியம் பரவும், பிடி விழும். கால்சியம் திரும்பினால் பிடி விடும். இழுக்க மட்டுமல்ல, பிடியை விடவும் ஏடிபி என்ற ஆற்றல் வேண்டும். இறந்த உடல் விறைப்பது, அந்த ஆற்றல் தீர்ந்து பிடி விடாததால்தான்.

பிடிச்சுக்கிட்டா என்ன செய்யணும்?

நாம் கேட்காமலே நரம்பு விடாமல் கட்டளை அனுப்பும்போதுதான் தசை பிடித்துக்கொள்கிறது. முழங்காலை நீட்டி, பாதத்தை உங்கள் பக்கமாக மெதுவாக இழுங்கள். சறுக்கிய இழைகள் நீளும், வலி குறையும்.

ஆனால் எல்லா வலியும் பிடிப்பு அல்ல. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலி விடாமல் இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அப்போது தேய்த்துவிடாதீர்கள். கடுமையாக உழைத்தபின் தசைவலியோடு சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால், தசை இழைகள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இரண்டுக்கும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காலையில் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.