தானே கவிழும் தொட்டி

சுமையைத் தூக்குவது ஒரு திறமை. தூக்கிய சுமையை உரிய இடத்தில் இறக்குவது மற்றொரு திறமை. முன்னதைப் பற்றிப் பேசியோர் பலர். பின்னதைப் பற்றி எண்ணியோர் சிலரே. மலையுச்சியிலிருந்து கனிப்பொருளையும், ஆற்றுப் படுகையிலிருந்து மணலையும் வான்வழியே சுமந்து வரும் கம்பிவடப் பாதையை ‘ரோப்வே’ என்று நாம் வழக்கில் கூறுகிறோம். அதன் உயர்ந்த கோபுரங்களையும் நீண்ட வடத்தையும் கண்டு வியவாதார் இலர். ஆயினும், அப்பாதையின் கடைக்கோடிக்கு வரும் தொட்டி, எவரும் தொடாமலே கவிழ்ந்து, சுமையைக் கொட்டிவிட்டு, மீண்டும் நிமிர்ந்து, மறுபக்க வடத்தில் திரும்பிச் செல்வதை ஊன்றி நோக்கியோர் மிகச் சிலர். அந்தச் சிறு பொறியின் வரலாற்றையே இவ்வாண்டு மலரில் நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம். ஜாரியா நிலக்கரிச் சீமையில் குடியேறி வாழும் நமக்கு இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று. நாம் நிற்கும் நிலத்தின் உறுதியோடு தொடர்புடையது.

கயிற்றின் காலம்

கயிற்றில் தொங்கி ஆற்றையும் பள்ளத்தையும் கடக்கும் வழக்கம் மிகப் பழமையானது. ஏறத்தாழ 1616ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் வெளிவந்த பாவுஸ்தோ வெரான்சியோ என்பாரின் இயந்திர நூலில், கயிற்றில் தொங்கும் பெட்டியில் அமர்ந்து மனிதர் ஆற்றைக் கடக்கும் படம் ஒன்று உண்டு. அதன்பின் 1644ஆம் ஆண்டில், பால்டிக் கடற்கரையில் உள்ள டான்சிக் நகரில், ஆதாம் வைபே என்ற டச்சுப் பொறிஞர் ஓர் அரிய செயலைச் செய்தார். நகரக் கோட்டையை வலுப்படுத்த மண் தேவைப்பட்டது. மண்ணோ நீர்நிலைக்கு அப்பால் உள்ள குன்றில் இருந்தது. வைபே மரக்கம்பங்களை நட்டு, முடிவில்லாது சுற்றிவரும் கயிறு ஒன்றை அவற்றின்மேல் ஓடவிட்டு, அக்கயிற்றில் கூடைகளைத் தொங்கவிட்டார். குதிரைகள் கயிற்றை இழுத்தன. நிறைந்த கூடைகள் ஒருபுறம் வர, வெறுங்கூடைகள் மறுபுறம் திரும்பின. இன்றைய கம்பிவடப் பாதையின் உருவம் அன்றே தோன்றிவிட்டது எனலாம்.

ஆயினும் அக்கருத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பெரிதும் தழைக்கவில்லை. நார்க்கயிறு நனையும்; இற்றுப்போகும்; பெருஞ்சுமையைத் தாங்காது. இக்குறையை நீக்கியவர் ஜெர்மனி நாட்டு ஹார்ஸ் மலைப்பகுதியில் சுரங்க அதிகாரியாக இருந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட். 1834ஆம் ஆண்டில் கிளவுஸ்தால் சுரங்கத்தில் இரும்புக் கம்பிகளை முறுக்கித் திரித்த வடத்தை அவர் பயன்படுத்திக் காட்டினார். சங்கிலியில் ஒரு கண்ணி அற்றால் சுமை முழுவதும் வீழும். வடத்திலோ ஒரு கம்பி அற்றாலும் மற்றவை தாங்கும். இவ்வுண்மையே பின்வந்த கம்பிவடப் பாதைகள் அனைத்திற்கும் அடித்தளம் ஆயிற்று.

நில்லாத வடம்

லண்டனில் 1836ஆம் ஆண்டில் பிறந்த ஆண்ட்ரூ ஸ்மித் ஹாலிடி, பதினாறு வயதில் தந்தையுடன் கலிபோர்னியாவுக்குச் சென்றார். தங்கச் சுரங்கங்களில் உழைத்துப் பழகியபின், சான்பிரான்சிஸ்கோ நகரில் கம்பிவடம் திரிக்கும் தொழிலை நிறுவினார். 1867ஆம் ஆண்டில் தம் பெயரால் வழங்கும் கம்பிவடப் பாதையை வகுத்தார். பின்னர் 1873ஆம் ஆண்டில் அந்நகரின் செங்குத்தான தெருவில் வடத்தால் இழுக்கப்படும் டிராம் வண்டியை ஓட்டிப் புகழ் பெற்றவரும் இவரே. இங்கிலாந்தில் சார்ல்ஸ் ஹாட்சன் என்பார் 1868ஆம் ஆண்டில் இத்துறையில் காப்புரிமை பெற்றார்.

ஹாலிடியின் பாதையில் ஒரே வடம்தான் உண்டு. அதுவே சுமையைத் தாங்கும். அதுவே சுமையை இழுக்கும். தொட்டிகள் அவ்வடத்திலேயே இறுகப் பிணிக்கப்பட்டிருக்கும். இங்கேதான் சிக்கல் எழுந்தது. தொட்டியை வடத்திலிருந்து கழற்ற இயலாது. ஒரு தொட்டிக்காக வடத்தை நிறுத்தினால், மலைமுழுதும் தொங்கும் தொட்டிகள் யாவும் நின்றுவிடும். ஆகவே தொட்டி ஓடிக்கொண்டே இருக்கும்போது அதைக் காலி செய்தாக வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அரை டன் கொள்ளும் தொட்டி அரை நிமிடத்திற்கு ஒன்றாக வருவதாகக் கொள்வோம். ஒரு மணிக்கு 120 தொட்டிகள். 60 டன் சுமை. பத்து மணி வேலையில் 1,200 முறை ஒருவன் ஓடும் தொட்டியைப் பற்றிக் கவிழ்த்து, மீண்டும் நிமிர்த்திவிட வேண்டும். அரை டன் எடையுள்ள தொட்டி தலைக்கு மேல் ஊசலாட, காலடியில் ஆழ்ந்த கிடங்கு வாய்பிளந்து நிற்க, 1,200 முறையில் ஒருமுறை கை தவறினால் என்னாகும்? பொறியின் தேவை உற்பத்திப் பெருக்கத்தால் மட்டும் பிறந்ததன்று. மனித உயிரின் பொருட்டும் பிறந்தது.

கொக்கியும் அச்சும்

அப்பொறியின் அமைப்போ மிக எளிது. வளைந்த இரும்புத் தூக்கு ஒன்று வடத்திலிருந்து தொங்கும். அதன் இரு கால்களுக்கிடையே, இரு பக்கத்து முளைகளை அச்சாகக் கொண்டு தொட்டி ஆடும். அம்முளைகளை எங்கே பொருத்துவது என்பதில்தான் முழு நுட்பமும் அடங்கியுள்ளது. தொட்டி நிறைந்திருக்கும்போது அதன் ஈர்ப்பு மையம் முளைகளுக்கு மேலே அமையும். காலியாக இருக்கும்போது முளைகளுக்குக் கீழே இறங்கிவிடும். ஆதலால் நிறைந்த தொட்டி எந்நேரமும் கவிழத் துடிக்கும். வெறுந்தொட்டி எந்நேரமும் நிமிர முயலும். நிறைந்த தொட்டியைக் கவிழாமல் காப்பது விளிம்பில் மாட்டிய ஒரு கொக்கி மட்டுமே.

கொட்டவேண்டிய இடத்தில், பாதையின் ஓரமாக ஓர் இரும்புத் தண்டு அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். ஓடிவரும் தொட்டியின் கொக்கியில் உள்ள நெம்புகோல் அத்தண்டில் இடிக்கும், கொக்கி விடுபடும், தொட்டி தன் பாரத்தாலேயே கவிழும், சுமை கிடங்கில் கொட்டும். சுமை நீங்கியவுடன் தொட்டியின் கனத்த அடிப்பாகம் கீழ்நோக்கி இழுக்க, அது தானே நிமிரும். சரிவாகத் தீட்டப்பட்ட கொக்கி, விளிம்பு வந்து மோதியதும் விலகி மீண்டும் பற்றிக்கொள்ளும். இதற்கு நீராவியும் வேண்டா, மின்சாரமும் வேண்டா. கவிழ்ப்பதும் பாரம்; நிமிர்த்துவதும் பாரம். மனிதன் செய்ததெல்லாம் அப்பாரத்திற்கு நேரம் குறித்துக் கொடுத்தது ஒன்றே.

எளிய பொறியாயினும் அதற்கு நோய்கள் உண்டு. கோபுரத்தின் உருளைமேல் ஏறி இறங்கும்போது ஏற்படும் குலுக்கலில் கொக்கி விடுபட்டால், சுமை நடுவழியில் கொட்டும். இதனாலன்றோ, சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் மேலாகக் கம்பிவடம் செல்லும் இடங்களில் வலையோ பாலமோ கட்டிக் காப்பிடுகின்றனர். கொக்கி துருவேறி விடுபட மறுத்தால், தொட்டி கொட்டாமலே சுமையோடு திரும்பும். ஈரக்களிமண் அடியில் ஒட்டிக்கொண்டால், சுமையும் முழுவதும் இறங்காது. தொட்டியும் செவ்வையாக நிமிராது. ஆகவே ஒவ்வொரு தொட்டியின் கொக்கிக்கும் எண்ணெயிட்டு, தேய்ந்ததை மாற்றி, அன்றாடம் பேண ஆள் வேண்டும். தானே இயங்கும் பொறி என்பதற்குத் தன்னைத் தானே பேணும் பொறி என்று பொருளன்று.

நம் ஊர்க் கமலை

இம்முறையைக் கேட்கும்போது நம் முன்னோரின் கமலை நினைவுக்கு வராமல் போகாது. கிணற்றிலிருந்து மாடுகள் நீரிறைத்த அக்கருவியில் கயிறுகள் இரண்டு. கனத்த வடம் கூனையின் வாயைத் தூக்கும். மெல்லிய வால்கயிறு, கூனையின் அடியில் பொருத்திய தோல்வாலின் நுனியைப் பற்றியிருக்கும். கூனை மேலேறும்வரை வால் மடங்கி மேல்நோக்கி நிற்பதால் நீர் சிந்தாது. கூனை கிணற்றின் மேல்விளிம்பைத் தாண்டியதும், வால்கயிறு தாழ்ந்த உருளையின்மேல் ஓடி வாலை முன்னே நீட்டிவிடும். நீர் தானே வாய்க்காலில் பாயும். மாட்டை ஓட்டுபவர் கிணற்றடிக்கு வந்து கூனையைக் கவிழ்க்க வேண்டியதில்லை.

கமலையிலிருந்து ஹாலிடி கற்றார் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது வீண்பெருமையாகும். ஆனால், ஏற்றிய சுமையை இறக்க வேறோர் ஆளை நிறுத்தாமல், வந்து சேர்ந்த அசைவையே கொண்டு இறக்குவது என்ற ஒரே எண்ணம் இருவேறு நாடுகளில் இருவேறு தேவைகளால் பிறந்தது என்பதில் ஐயமில்லை. படிப்பறியாத உழவரும் தச்சரும் கண்ட வழியை, நம் பிள்ளைகள் பொறியியல் பாடத்தில் காணும்போது அது அந்நியப் பொருளாகத் தோன்ற வேண்டியதில்லை.

நெடும்பாதைகள்

ஜெர்மனியில் அடால்ஃப் பிளைகெர்ட் 1870களில் இருவட முறையை வளர்த்தார். அசையாத தடித்த வடத்தின்மேல் தொட்டியின் சக்கரங்கள் உருளும். மெல்லிய மற்றொரு வடம் அதனை இழுக்கும். நிலையத்தில் தொட்டியை இழுவடத்திலிருந்து கழற்றித் தொங்குதண்டவாளத்தில் தள்ளிச் சென்று கையால் கவிழ்க்கவும் இயன்றது. ஆயினும் சுரங்கக் கழிவை மேடாகக் குவிக்கும் இடங்களில் நிலையம் ஏது? அங்கே வடத்திலேயே தட்டும் சட்டம் ஒன்றைத் தொங்கவிட்டு, மேடு வளர வளர அதனை நகர்த்தி வைத்தனர். ஆளில்லா வெளியில் தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்து குன்றுகளையே எழுப்பின.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளைகெர்ட் நிறுவனம் அர்ஜென்டினா நாட்டுச் சிலெசிட்டோ ஊரிலிருந்து ஆண்டிஸ் மலைமேல் அமைத்த பாதை, சுமார் 35 கிலோமீட்டர் நீண்டு, ஏறத்தாழ 4,600 மீட்டர் உயரத்தை எட்டியது. சுவீடன் நாட்டில் 1940களில் கிறிஸ்டினேபெர்க்கிலிருந்து போலிடெனுக்கு அமைந்த பாதையோ 96 கிலோமீட்டர் நீளம். அது 1987ஆம் ஆண்டு வரை கனிப்பொருளைச் சுமந்தது.

ஜாரியாவின் மணல்

இனி நம் வாசலுக்கு வருவோம். ஜாரியாவில் 1890களில் தொடங்கிய நிலக்கரி வெட்டு, விரைவில் நிலத்தடியைச் சல்லடையாக்கியது. கரியை எடுத்தபின் எஞ்சிய வெற்றிடத்தைக் கரித்தூண்களே தாங்கின. அத்தூண்களையும் எடுத்தபோது மேல்நிலம் அமிழ்ந்தது. காற்றுப் புகுந்த இடங்களில் கரி தானே சூடேறிப் பற்றியது. 1916ஆம் ஆண்டில் பௌரா சுரங்கத்தில் கண்ட தீயே இப்பகுதியின் முதல் தீ எனக் குறிக்கப்படுகிறது. தீயும் அமிழ்வும் பின்னர்ப் பரவின.

இதற்கு மருந்து, எடுத்த இடத்தை நிரப்புவது. ஆற்று மணலை நீரோடு கலந்து குழாய்வழியே சுரங்கத்திற்குள் செலுத்தினால், நீர் வடிந்து மணல் இறுகி நிற்கும். இதன் பொருட்டு 1939ஆம் ஆண்டில் மணல் நிரப்பலுக்கான பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் நிலக்கரி வாரியத்தைத் தோற்றுவித்தது. மணலுக்குத் தாமோதர் ஆறு இருந்தது. ஆனால் ஆற்றுக்கும் சுரங்க வாய்களுக்கும் இடையே ஊர்களும், சாலைகளும், இருப்புப்பாதைகளும், அமிழ்ந்த நிலங்களும் கிடந்தன. தரையில் தண்டவாளம் இட்டால் தரையே நிலையில்லை. ஆகவே மணல் வான்வழியே வந்தது. வாரியத்தின் காலத்தில் இந்நிலக்கரி வயல்களில் மணலுக்கெனக் கம்பிவடப் பாதைகள் எழுந்தன. இரவும் பகலும் ஓயாது மணல் கேட்கும் குழிகளுக்கு, நில்லாமல் கவிழும் தொட்டியைவிட ஏற்ற கருவி வேறு இல்லை. ஒவ்வொரு முறை தொட்டி கவிழும்போதும், எங்கோ ஒரு வீட்டின் கீழ் ஒரு பிடி மண் சேர்ந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

1972ஆம் ஆண்டில் கோக் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. பின்னர்த் திறந்தவெளிச் சுரங்கங்கள் பெருகின. நிலத்தடி வெட்டும், அதனோடு மணல் நிரப்பலும் சுருங்கின. மணல் சுமந்த கம்பிவடப் பாதைகள் பல ஓய்ந்தன. நிரப்பப்படாமல் விட்ட பழைய வெற்றிடங்களோ அப்படியே இருந்தன. தீயாலும் அமிழ்வாலும் இடருறும் குடும்பங்களை வேறிடத்தில் குடியமர்த்தும் பெருந்திட்டத்திற்கு 2009ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அவர்களுள் பலர், எடுத்த கரியால் செல்வம் பெறாதவர். எடுத்த இடத்தை நிரப்பாததால் வீட்டை இழப்பவர்.

வரலாறு நமக்குக் கூறுவது இதுவே. டான்சிக் குன்றின் கூடை முதல் தாமோதர் மணல்தொட்டி வரை, சுமையை எடுத்துச் செல்லும் வழியையும் அதனைத் தானே இறக்கும் வழியையும் மனித அறிவு கண்டுவிட்டது. கொக்கியும் அச்சும் தம் கடமையில் தவறவில்லை. எடுத்த அளவுக்குத் திருப்பி நிரப்ப வேண்டும் என்ற உறுதிதான் எல்லாக் காலத்தும் எல்லா இடத்தும் நிலைக்கவில்லை. அவ்வுறுதியைத் தரும் பொறியை எவரும் இன்னும் வார்த்ததில்லை. அது மக்கள் மனத்தில்தான் பிறக்க வேண்டும். நம் கல்லூரிப் பிள்ளைகளுள் சுரங்கத் தொழிலையும் பொறியியலையும் பயில்வோர் இதனை நெஞ்சில் இருத்துவாராக. பிழைக்க வந்த மண்ணுக்கு நாம் பட்டிருக்கும் கடனில் அதுவும் ஒன்று.

வாழ்க நம் சங்கம்! வளர்க அதன் பணி!