கிளிநொச்சியின் இரண்டு தலைவர்கள்

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை. திருகோணமலையில் கூடிய இலங்கைத் தமிழ் அரசுக் கட்சியின் பொதுச்சபை, தன் தலைவரை வாக்குச்சீட்டில் தெரிவுசெய்தது. எண்ணி முடித்தபோது கிளிநொச்சியின் சிவஞானம் சிறீதரனுக்கு 184 வாக்குகள், எம்.ஏ. சுமந்திரனுக்கு 137. மூன்றாவதாகப் பெயர் கொடுத்திருந்த மட்டக்களப்பின் சீனித்தம்பி யோகேஸ்வரன் முன்னரே விலகிக்கொண்டார். 1949இல் தந்தை செல்வா தொடக்கிய கட்சியில் தலைவர் பதவிக்கு வாக்கெடுப்பு நடந்தது அதுவே முதல் தடவை. அதுவரை மூத்தவர்கள் கூடிப் பேசி ஒருவரை முன்மொழிவார்கள். சபை கைதட்டி ஏற்கும். 2014இல் வவுனியா மாநாட்டில் மாவை சேனாதிராஜா தலைவரானதும் அப்படித்தான்.

இம்முறையும் போட்டியில்லாமல் முடித்துவிட மூத்தவர்கள் முயன்றார்கள். சரிவரவில்லை. ஒருபக்கம் கொழும்பிலும் வெளிநாட்டுத் தூதரகங்களிலும் கட்சியின் குரலாக அறியப்பட்ட ஜனாதிபதி சட்டத்தரணி சுமந்திரன். மறுபக்கம் வன்னியில் பாடசாலை அதிபராக இருந்து 2010இல் நாடாளுமன்றம் போன சிறீதரன். தலைமைக்கு நெருக்கமானவர் எனப் பலர் நினைத்தவரை மற்றவர் 47 வாக்கால் வென்றார். தலைமைக்கு எதிராகக் கிளம்பும் ஒருவர் கட்சியைப் பிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு அன்று மாலை கிடைத்த விடை, ‘முடியும்’ என்பதே.

அந்த விடை ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. ஜனவரி 27இல் பொதுச்செயலாளர் யார் என்பதில் சபை பிளந்தது. மறுநாள் நடக்கவிருந்த தேசிய மாநாடு தள்ளிப்போனது. பெப்ரவரியில் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு விழுந்தது. பொதுச்சபைக்கு உறுப்பினர்கள் சேர்க்கப்பட்ட விதம் கட்சி யாப்புக்கு முரண், ஆகவே தெரிவும் செல்லாது என்பது வழக்கின் சாரம். மாநாட்டுக்கு இடைக்காலத் தடை வந்தது. வாக்கில் வென்றவர் தலைவர் ஆசனத்தில் உட்காரவேயில்லை.

சண்டை செயலாளர் பதவியில் வெடித்தது தற்செயல் அல்ல. இலங்கைத் தேர்தல் சட்டத்தின்படி அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்புமனுவில் கையெழுத்து வைப்பவர் அதன் செயலாளர். தேர்தல் ஆணைக்குழு கடிதம் அனுப்புவதும் அவருக்கே. மேடையில் மாலை தலைவருக்கு விழலாம். யாருக்கு ஆசனம், எந்தச் சின்னம் என்பது செயலாளரின் பேனாவில் இருக்கிறது.

இதைக் கிளிநொச்சி ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது, தலைகீழாக.

வீ. ஆனந்தசங்கரி இரணைமடுக் குளத்தின் கீழ் விளைந்த குடியேற்ற மண்ணின் அரசியல்வாதி. தொடக்கத்தில் லங்கா சமசமாஜக் கட்சி வேட்பாளராக நின்று தோற்றவர்; பின் தமிழ்க் காங்கிரசில் சேர்ந்து 1970இல் கிளிநொச்சியை வென்றார். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் மீண்டும் வந்தார். 1983இல் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிடச் சொன்ன ஆறாம் திருத்தச் சத்தியப்பிரமாணத்தை மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தபோது அவரும் இழந்தார். 2002இல் மு. சிவசிதம்பரம் மறைந்தபின் கூட்டணியின் தலைமை அவரிடம் வந்தது.

மறுவருடமே அவருக்கும் கட்சியின் பெரும்பான்மைக்கும் முறுகல். விடுதலைப் புலிகளைத் தமிழரின் ஏகப் பிரதிநிதிகள் என ஏற்க அவர் மறுத்தார். கூட்டணியின் பெரும்பகுதி அவருக்கு எதிராகத் திரும்பியது. அவர் நீதிமன்றம் போனார். சட்டம் அவர் பக்கம் நின்றது. கட்சியின் பெயரும் உதயசூரியனும் அவர் கையில் தங்கின.

2001இல் கூட்டணியின் உதயசூரியனில் நின்று 15 ஆசனங்கள் வென்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 2004 ஏப்ரலில் சின்னமே இல்லை. அப்போதுதான் தமிழ் அரசுக் கட்சியின் ‘வீடு’ வெளியே எடுக்கப்பட்டது. 1970 பொதுத்தேர்தலில் வாக்குக் கேட்ட சின்னம் அது. 34 வருடங்களுக்குப் பிறகு திரும்பி வந்தது. சூரியனுக்குப் புள்ளடி போட்டுப் பழகிய கைகளுக்கு வீட்டைக் காட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி மக்கள் எல்லையோரம் அமைத்த கொத்தணி வாக்களிப்பு நிலையங்களுக்குப் போய் வாக்களித்தார்கள். கூட்டமைப்பு 22 ஆசனங்களை அள்ளியது. ஆனந்தசங்கரியின் அணிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த முடிவை வெறும் மக்கள் தீர்ப்பு என்று மட்டும் எழுதுவது நேர்மையாகாது. புலிகளை மறுத்த ஒருவர் அன்றைய கிளிநொச்சியில் மேடை போட வழியே இருக்கவில்லை. அதற்காகப் பின்னால் நடந்ததையும் மறைக்க முடியாது. போர் முடிந்து 2013 வடமாகாண சபைத் தேர்தலில் அவர் கிளிநொச்சியில் போட்டியிட்டார், தன் வழக்கால் உயிர்பெற்ற அதே வீட்டுச் சின்னத்தில். தோற்றார்.

ஒருவர் சின்னத்தை வென்று சபையை இழந்தார். இருபது வருடம் கழித்து அதே ஊரின் மற்றவர் சபையை வென்று சின்னத்தைத் தொட முடியாமல் நின்றார்.

தென்னிலங்கையிலும் இதே கதைதான். 2019இல் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் தானே என்று சஜித் பிரேமதாச ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கட்சித் தலைமையை நெருக்கினார். ரணில் விக்கிரமசிங்க இறங்கி வந்தார்; செப்டெம்பர் 26இல் செயற்குழு சஜித்தை அறிவித்தது. ஆனால் கட்சித் தலைமை ரணிலிடமே இருந்தது. சஜித் கட்சியின் யானைச் சின்னத்தில் அல்ல, அன்னத்தில் போட்டியிட்டார். வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 82 வீத வாக்குகளைப் பெற்றும் நாடளவில் தோற்றார். 2020இல் தனிக்கட்சியாகப் பிரிந்து 54 ஆசனங்கள் பெற்றார். யானையை வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனம்.

விதிகளை முன்கூட்டியே எழுதி வைத்தால் கதை எப்படி மாறும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். அங்கே 1968இல் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு மாநில முன்தேர்தலிலும் நிற்காமலே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். சிக்காகோ மாநாட்டில் கலவரம். கட்சி விதிகளை மாற்றியது. 1972இல் அந்தப் புதிய விதிகளின் வழியே தலைமைக்குப் பிடிக்காத ஜோர்ஜ் மக்கவர்ன் நியமனம் பெற்றார். பொதுத்தேர்தலில் 49 மாநிலங்களை இழந்தார் என்பது வேறு விடயம். யார் வாக்காளர் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததால் அவர் பெற்ற நியமனம் நிலைத்தது.

தமிழர் தரப்பில் ஜனாதிபதித் தேர்தலில் நிற்பதே பெரும்பாலும் கட்சியை மீறிய செயலாக இருந்திருக்கிறது. 2010இல் கூட்டமைப்பு சரத் பொன்சேகாவை ஆதரித்தபோது எம்.கே. சிவாஜிலிங்கம் சுயேச்சையாக நின்றார். பத்தாயிரம் வாக்கைக்கூடத் தொடவில்லை. 2024இல் நிலைமை வேறு. தமிழ் அரசுக் கட்சியின் பா. அரியநேத்திரன் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் இறங்கினார். செப்டெம்பர் 1இல் வவுனியாவில் கூடிய கட்சியின் மத்தியகுழு சஜித்துக்கு ஆதரவு என்று தீர்மானித்தது. அப்போது வெளிநாட்டில் இருந்த சிறீதரன் அரியநேத்திரன் பக்கமே நின்றார். கட்சி ஒரு திசை, வாக்கில் தெரிவான தலைவர் ஒரு திசை. அரியநேத்திரனுக்கு 226,343 வாக்குகள் விழுந்தன. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் அவர் சஜித்துக்கும் ரணிலுக்கும் பின்னால்தான் வந்தார். கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலோ சஜித்துக்கு அடுத்தபடியாக, ஐயாயிரத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில்.

அதே ஆண்டு நவம்பர் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வீட்டுக்குக் கிடைத்த ஒரே ஆசனம் சிறீதரனுடையது, சுமந்திரன் தோற்றார். ஆனாலும் 2025இல் கட்சியை நடத்தியவர்கள் பதில் தலைவராக சி.வி.கே. சிவஞானமும், பதில் பொதுச்செயலாளராக சுமந்திரனும். சபையின் வாக்கு ஒருவருக்கு, மக்களின் வாக்கும் அவருக்கே, வேட்புமனுப் பேனா இன்னொருவருக்கு.

இதில் யார் நல்லவர் என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. வழக்குப் போட்டவருக்கும் யாப்பைக் காட்டும் உரிமை உண்டு. ஆனால் தங்கள் பொதுச்சபையில் வாக்குரிமை உள்ளவர்கள் யார் யார் என்று வாக்கெடுப்புக்கு முன்பே ஐயமற எழுதி வைக்காத கட்சியில், தோற்றவருக்கு நீதிமன்றக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். அடுத்த மாநாட்டுக்குத் திகதி குறிக்கும் முன்பு தமிழ் அரசுக் கட்சி யாப்பை அச்சிட்டுக் கிளைகள்தோறும் கொடுக்கட்டும். பொதுச்சபை உறுப்பினர் பட்டியலைப் பூநகரி முதல் முல்லைத்தீவு வரை எல்லா அலுவலகங்களிலும் ஒட்டட்டும்.