துண்டு போட்ட இடம்

எந்தச் சட்டசபையும் இயற்றாமல், எந்த நீதிபதியும் வியாக்கியானம் செய்யாமல், ஜனங்களால் ஏகமனதாக ஒப்புக்கொள்ளப்பட்ட சட்டம் ஒன்று நம் நாட்டில் உண்டு. காலியாக இருக்கும் இடத்தில் ஒருவன் தன் துண்டைப் போட்டுவிட்டால் அந்த இடம் அவனுடையது. துண்டு என்ன விலை, எத்தனை அழுக்கு, அதற்கு உடையவன் யார் என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. 'ஆள் வராங்க' என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால் போதும். வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

திருவண்ணாமலையில், செங்கம் சாலையிலுள்ள ரமணாசிரமத்துக்கு நான் பல வருஷங்களாகப் போய் வருகிறேன். பக்தி என்று சொல்லிக்கொள்ளும் தைரியம் எனக்கு இல்லை. கதை எழுதுகிறவனுக்குச் சத்தமில்லாத இடம் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். மகரிஷி உட்கார்ந்திருந்த பழைய ஹாலில் ஜனங்கள் இன்றும் மணிக்கணக்காகக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். சிறிய அறை. மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டார் வரத்து அதிகம். ஒரு தடவை விடியற்காலையில் போனபோது சுவர் ஓரமாக ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் மடித்த சால்வை ஒன்று இருந்தது. ஆள் இல்லை. அரை மணி நேரம் நான் நின்றேன். அந்தச் சால்வை தியானத்தில் அசையவே இல்லை. பிறகு சால்வைக்கு உரிய ஐரோப்பிய அம்மாள் வந்து, எனக்கு ஒரு புன்னகையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். புன்னகையில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. எனக்கும் கோபம் வரவில்லை. இந்த வித்தை நம் ஊர்ப் பஸ்களில் கற்றுக்கொண்டதாக இருக்கும் என்று நினைத்தேன்.

அப்படியும் சொல்லிவிட முடியாது என்று பின்னால் தெரிந்தது. மத்தியதரைக் கடல் ஓரத்து ஓட்டல்களிலும், உல்லாசப் பிரயாணம் போகும் கப்பல்களிலும் நீச்சல் குளத்தைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகள் போட்டிருப்பார்களாம். பொழுது விடியுமுன்பே எழுந்து போய் நாற்காலிமேல் துண்டை விரித்துவிட்டு, அறைக்குத் திரும்பித் தூங்குவது அங்கே பழைய வழக்கம். இந்த விஷயத்தில் ஜெர்மானியர்தாம் மோசம் என்று ஆங்கிலேயர் கேலி பேசுவார்கள். கார்னிவல் என்ற கப்பல் கம்பெனி 2013-ல் ஓர் ஏற்பாடு செய்தது. ஆள் இல்லாத நாற்காலியில் சிப்பந்தி மணி குறித்து ஒரு சீட்டை ஒட்டுவான். நாற்பது நிமிஷத்துக்குள் ஆள் வராவிட்டால் சாமான்களை எடுத்துவிடுவான். தாமஸ் குக் கம்பெனிக்கு வேறு யோசனை. நாற்காலியை முன்கூட்டியே பிடித்து வைக்கச் சுமார் 22 பவுன் என்று 2018-ல் அது விலையே போட்டது. மறு வருஷம் கம்பெனியே மூழ்கிவிட்டது, நாற்காலியால் அல்ல.

நாற்பது நிமிஷக் கெடு வைக்கலாம், காசு வாங்கலாம். ஆனால் துண்டுக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? கப்பலில் எப்படியோ, தமிழ்நாட்டில் அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அது அவ்வளவு சிரிப்பான சரித்திரம் அல்ல.

துண்டுக்கு முன்னால் பரிவட்டம் இருந்தது. கோயிலில் யார் தலையில் முதலில் பட்டுத் துணியைக் கட்டுகிறார்கள், யாருக்கு முதல் தீர்த்தம், தேர் வடத்தை யார் முதலில் தொடுகிறார்கள் என்பதில் ஊரின் மானமே அடங்கியிருந்தது. இந்த முதல் மரியாதைக்காகப் பரம்பரை பரம்பரையாக வழக்காடி நிலங்களை விற்றவர்கள் உண்டு. அங்கேயும் ஒரு துணிதான் இடத்தைக் குறித்தது. ஆனால் அந்தத் துணி, 'நீ யாருடைய பிள்ளை?' என்று கேட்டது. சீக்கிரம் வந்தவனா, நெடுநேரம் காத்திருந்தவனா என்று கேட்கவில்லை.

தோளில் போடும் துண்டும் அப்படித்தான் இருந்தது. பெரியவர்களைக் கண்டால் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும், அல்லது கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்பது கிராமங்களின் நியதி. 'பெரியவர்கள்' என்றால் வயதில் பெரியவர்கள் அல்ல. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. அடுத்த வருஷம் எட்டு பதினொன்றாயிற்று. ஹட்டன் துரை சாதியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். நாதஸ்வர வித்துவான்கள் பாடும் இதே பாடுதான். ஊரே தலையாட்டும்படி வாசித்தாலும் துண்டு இடுப்பில்தான் இருக்க வேண்டும், நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். பாட்டுக்காரரைப் போல மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பிடிவாதம் பிடித்ததைக் கர்வம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஒரு மனிதன் உட்காருவதற்கு எத்தனை கர்வம் வேண்டியிருந்தது பாருங்கள்!

இந்த நிலைமையில் ரயில் வந்தது. சென்னை ராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்டது 1856-ல். விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குத் திருவண்ணாமலை வழியாக மீட்டர் கேஜ் பாதை போட்டது 1891-ல். ரயிலிலும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பேதங்கள் உண்டு. ஆனால் அவை காசின் பேதங்கள். மூன்றாம் வகுப்பில் ஒரே பலகையில் எல்லோரும் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்த வகுப்பின் அவலங்களை மகாத்மா காந்தி 1917-ல் ஒரு சிறு பிரசுரமாகவே எழுதினார். அங்கே இடம் கிடைப்பதற்குப் பரிவட்டம் உதவாது. ஜன்னலில் கம்பி போட்டிருக்கும், மனிதன் நுழைய முடியாது, வாசலிலோ கூட்டம். கம்பிக்கு நடுவே எது நுழையும்? துண்டு நுழையும். தோளில் கிடந்த வஸ்து பலகைக்குப் போயிற்று. இடுப்பில் கட்டச் சொன்ன துண்டை ஒருவன் ஜன்னல் வழியாக வீசி, 'இது என் இடம்' என்று சொன்னான், மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். துண்டைப் பார்த்து அது எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாதல்லவா? இந்த வழக்கத்தை நாகரிகக் குறைவு என்று கண்டிக்கிற நண்பர்களிடம் நான் சொல்வது இதைத்தான். குறைவுதான், ஆனால் அதற்கு முன்னால் இருந்த நாகரிகத்தைவிட இது மேல்.

1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். துண்டை எடுக்கவில்லை. அது பஸ்ஸுக்கும், கீற்றுக் கொட்டகை சினிமாவுக்கும், கச்சேரிக்கும் போய், கடைசியில் பேச்சு வழக்கிலும் ஏறிவிட்டது. கட்சியில் பதவிக்கும் துண்டு போடுகிறார்கள், கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதிலும் துண்டு போடுகிறார்கள்.

அந்த 1891-ஆம் வருஷப் பாதையில்தான், 1896 செப்டம்பர் முதல் தேதி காலையில், மதுரையிலிருந்து சொல்லாமல் புறப்பட்ட வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் திருவண்ணாமலையில் வந்து இறங்கினான். கோயிலுக்குப் போய்விட்டு அய்யங்குளத்துக்கு வந்து, கையில் மிச்சமிருந்த காசைத் தண்ணீரில் எறிந்தான். வேட்டியில் கோவணத்துக்கு வேண்டிய அளவு கிழித்துக்கொண்டு மீதியையும் எறிந்தான். என் விஷயத்துக்கு வேண்டியது இந்த மீதித் துணிதான். ஊரில் இடம் பிடிக்கிற கருவியை வந்த அன்றைக்கே தொலைத்துவிட்டவர் அவர்.

அதனால் அவரை யாரும் எங்கிருந்தும் கிளப்ப முடிந்தது. ஆயிரங்கால் மண்டபத்தில் பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். பாதாள லிங்கத்துக்குப் போனார். பிறகு குருமூர்த்தம், மாந்தோப்பு என்று மாறி, 1899-ல் மலைமேல் விரூபாக்ஷ குகைக்கு வந்தார். அங்கே நடந்த ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தமானது. குகை ஊரில் உள்ள ஒரு மடத்துக்குச் சொந்தம். கார்த்திகைத் திருவிழாவில் சுவாமியைப் பார்க்க ஜனங்கள் மலையேறினார்கள். மடத்தார் குகை வாசலில் ஆள் வைத்து, வருகிறவர்களிடம் சிறு கட்டணம் வசூலித்தார்கள். அவர் எழுந்து வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். காவல்காரன் தன் எல்லையை மரத்தையும் சேர்த்துத் தள்ளிப் போட்டான். அவர் இன்னும் கீழே இறங்கி வேறொரு குகைக்குப் போய்விட்டார். கூட்டமும் பின்னாலேயே போயிற்று. விரூபாக்ஷ குகையில் மடத்தின் உரிமை மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது! கடைசியில் மடத்தாரே வந்து, 'நீங்கள் இருக்கிறவரையில் வசூல் இல்லை, திரும்பி வர வேண்டும்' என்று கேட்டுக்கொண்டார்கள். வாதாடவில்லை, மனுப் போடவில்லை. வெறுமே எழுந்து போனார்.

1922-ல் மலையிலிருந்து இறங்கித் தாயாரின் சமாதிக்குப் பக்கத்தில் தங்கியதும் ஆசிரமம் வளர்ந்தது. ஹாலில் அவருக்கென்று இருந்தது ஒரு சோபா. அதிலும் அணில்கள் ஜன்னல் வழியே வந்து பங்கு கேட்டன, கொடுத்தார். 1931-ல் பால் பிரண்டன், 1938-ல் சாமர்செட் மாம் என்று உலகமே வரத் தொடங்கியபின் ஹாலில் இடம் போதவில்லை. அவர் திருவண்ணாமலைக்கு வந்து ஐம்பது வருஷம் நிறைந்த 1946 செப்டம்பரில் வெளியே பந்தல் போட்டார்கள். உரிமைகளை உதறிவிட்டு நகர்ந்துகொண்டே இருந்த ஒருவருக்குப் பக்கத்தில் இரண்டடி இடம் தமக்கென்று வேண்டும் என்று எத்தனை பேர் எத்தனை வருஷங்கள் முண்டியடித்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நானும் சுவர் ஓரத்து இடத்துக்காக அரை மணி நின்றவன்தானே.

ஆனால் எல்லோராலும் அவர் மாதிரி எழுந்து போய்விட முடியாது. ஏற்கெனவே வெளியே நிறுத்தப்பட்டவன் எங்கே எழுந்து போவான்? இதே ஜில்லாவில், தண்டராம்பட்டுத் தாலுகாவில், தென்முடியனூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. ஆலயப் பிரவேசச் சட்டங்கள் 1939-லும் 1947-லும் வந்துவிட்டன. அந்த ஊர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் ஜனங்கள் காலெடுத்து வைத்தது 2023 ஜனவரி 30-ஆம் தேதி. கலெக்டர் கூட நின்று, பலத்த போலீஸ் காவலோடு. துண்டுச் சட்டம் எத்தனை சமத்துவமானதாக இருந்தாலும், உள்ளே வந்தவனுக்குத்தான் அது செல்லும். ஜன்னலே இல்லாத வண்டியில் துண்டை எங்கே வீசுவது?

இனி நடைமுறை. பௌர்ணமி கிரிவலம் முடிந்து வெளியூர்க்காரர்கள் பஸ் பிடிக்கிற இடத்தில் நின்றால் இந்தச் சட்டத்தின் ஷரத்துகள் எல்லாம் தெரிந்துவிடும். துண்டு உத்தமம், கைக்குட்டை மத்திமம், செய்தித்தாள் அதமம், காற்றில் பறந்தால் உரிமையும் பறந்தது. ஒரு துண்டுக்கு ஓர் இடம். நாலு முழ வேட்டியை நீளவாக்கில் விரித்து ஒரு குடும்பத்துக்கே இடம் பிடிக்கிற சாமர்த்தியசாலிகளை உலகம் மன்னிப்பதில்லை. கைக்குழந்தைக்காரிக்கு முன் துண்டு செல்லாது. துண்டுக்காரர் கொஞ்சம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துகொள்வார். முக்கியமானது, வண்டி நகரும்போது ஆள் இருக்க வேண்டும்.

"துண்டு கிடக்குது பாருங்கண்ணே."

"துண்டு கிடக்குது, ஆள் எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்காங்க."

"டீ குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல வரட்டும். துண்டைக் கண்டக்டர்கிட்ட குடுத்துடலாம்."

கண்டக்டர்தான் இந்தக் கோர்ட்டுக்கு நீதிபதி. அவர் பெரும்பாலும் தீர்ப்பு சொல்வதில்லை, விசில் ஊதுவார். சர்க்கார் சட்டத்தைக் கேட்டால் துண்டுக்கு அதில் இடமே இல்லை. 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டப்படி, ரிசர்வ் செய்யாத பெட்டியில் இன்னொருவர் ஏறுவதைத் தடுப்பதுதான் குற்றம். ஆனாலும் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்தவனை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். நகர்த்துவார்கள், மடித்து ஓரமாக வைப்பார்கள், சில சமயம் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். கீழே போடமாட்டார்கள். துண்டு அங்கே ஒரு மனிதன்.

தீபத்தன்று இந்தச் சட்டத்துக்கு மாலை ஆறு மணி வரைதான் ஆயுள். மத்தியானத்திலிருந்தே மொட்டை மாடிகளிலும் கோயில் பிராகாரத்திலும் துண்டும் பாயும் விரித்து, பையனைக் காவல் வைத்து இடம் பிடித்திருப்பார்கள். ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் சில நிமிஷங்களே வெளியே வருகிறார். மலையுச்சியில் கொப்பரையில் நெய்யும் காடாத் துணித் திரியும் பற்றிக்கொள்கின்றன. பல லட்சம் பேர் ஒரே சமயத்தில் எழுந்து கையைத் தலைக்கு மேல் தூக்குகிறார்கள். எழுந்தபின் யார் இடம் யாருடையது? குனிந்து தேடினால் துண்டு நாலைந்து வரிசைக்கு அப்பால், யாருடைய காலடியிலோ சுருண்டு கிடக்கும். மண்ணை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக மலையைச் சுற்றக் கிளம்ப வேண்டியதுதான். அது பதினாலு கிலோமீட்டர் நடை.