பாஞ்சாலி சபதத்துல பேசறது யாரு?

தமிழ் இலக்கியம் படிக்கிற பசங்களோட நோட்ஸைப் பாத்திருக்கீங்களா? பாஞ்சாலின்னா பாரத மாதா, கௌரவர்னா வெள்ளைக்காரன். முடிஞ்சது, அஞ்சு மார்க். நம்ம மேப்பிங் டேபிள் மாதிரியே இருக்கும் :-) தப்புன்னு சொல்லலை. ஆனா அந்த டேபிள்ல ஒரு ஆளு விட்டுப்போறார்: கதை சொல்றவர்.

1908-ல பிரிட்டிஷ் கைதுக்குத் தப்பி பாரதி புதுச்சேரி வந்தார். பிரெஞ்சு மண்ணுங்கறதால பிடிச்சுட்டுப் போக முடியாது, ஒற்றர்களை விட்டு வேவு பாக்கலாம், அவ்வளவுதான். இங்கேயிருந்து வந்த 'இந்தியா' பத்திரிகையை பிரிட்டிஷ் எல்லைக்குள்ள விடாம தடுத்ததுல 1910-ல அதுவும் நின்னுபோச்சு. தலையங்கம் எழுத இடமில்லாத மனுஷனுக்கு உருவகம்ங்கறது வெறும் அணி இலக்கணம் இல்லீங்க. 1912-ல பாஞ்சாலி சபதம் முதல் பாகம் வந்தது இந்த நிலைமையிலதான்.

இது பெரும்பாலும் வியாசரோட மொழிபெயர்ப்புன்னே வச்சுக்கலாம்னு பாரதியே குறிப்பு எழுதியிருக்கார். அடக்கம்னு சொல்லுவாங்க. எனக்கென்னவோ நல்ல முகமூடியாவும் தெரியுது. ஆனா அதை அவராலயே ரொம்ப நேரம் போட்டுக்க முடியலை. தருமன் நாட்டைப் பணயம் வைக்கிற இடத்துல கதை அப்படியே நிக்குது. கோயில் பூசாரி சிலையை விக்கிறதோட ஒப்பிட்டு, கதை சொல்றவரே தருமனைத் திட்ட ஆரம்பிச்சுடறார். கவனிங்க, திட்டு வாங்கறது துரியோதனன் இல்லை. டேபிள்படி தருமன் நம்ம கட்சி! நாடு ராஜாவோட சொத்து இல்லை, அவன் வெறும் காவல்காரன்னு சொல்ற அந்தக் குரல் சுதேசிக் காலத்துக் குரல். (பாரதி குடியிருந்த வீடு ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவுலங்கறது தனி வேடிக்கை.)

கண்ணன் பாட்டுல (1917) குரல் விளையாட்டு வேற ரகம். எஜமானா, அப்பாவா, காதலியா மாறி மாறிப் பேசறார். அங்கே வேஷம் கலையறதே இல்லை.

பாஞ்சாலியை வீதியில இழுத்துட்டுப் போற இடத்துலதான் முழுசா கலையுது. துச்சாதனனை விட்டுட்டு, சும்மா நின்னு புலம்பற ஊர்ஜனங்க மேல பாயறார். படிக்கிறவனுக்கும் சேர்த்து விழற அடி அது. இந்த இடம் வர்றது இரண்டாம் பாகத்துல. அது அச்சானது 1924-ல. பாரதி 1921-லயே போயிட்டார்.