விதை உறக்கம்

விதை உறக்கம் என்பது, உயிருள்ள விதையொன்று முளைப்பதற்குத் தேவையான நீர், ஆக்சிசன், வெப்பநிலை ஆகியன கிடைத்தபோதும் முளைக்காமல் இருக்கும் நிலையாகும். நீரின்மையால் மட்டும் முளைக்காதிருக்கும் உலர்ந்த விதை இவ்வரையறையுள் அடங்காது. அது நனைந்தால் முளைத்துவிடும். உறங்கும் விதையோ நனைந்த பின்னும் காத்திருக்கும். பருவம் தவறிப் பெய்த மழையில் எல்லா விதைகளும் ஒருங்கே முளைத்து, பின்வரும் வறட்சியில் மடிந்துபோகாமல் தாவர இனத்தைக் காப்பது இந்நிலையே.

காரணங்கள்

* கடினமான விதையுறை: அவரைக் குடும்பத் தாவரங்கள் பலவற்றில் விதையுறை நீரை உட்புக விடுவதில்லை.
* முதிராத முளையம்: சில தாவரங்களில் விதை உதிரும்போது முளையம் முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை.
* வளர்ச்சி ஊக்கிகள்: அப்சிசிக் அமிலம் உறக்கத்தை நீடிக்கச் செய்கிறது, ஜிப்ரெலின் அதனை நீக்குகிறது. இவற்றின் சமநிலையே முளைத்தலைத் தீர்மானிக்கிறது.
* ஒளி: லெட்டூசுக் கீரையின் சில வகைகளில் சிவப்பு ஒளி முளைத்தலைத் தூண்டுகிறது, தொலைச்சிவப்பு ஒளி தடுக்கிறது. இலைகளின் நிழலில் தொலைச்சிவப்பு ஒளியின் விகிதம் மிகுதி. எனவே இத்தகைய விதைகள் பிற செடிகளின் நிழலில் முளைப்பதைத் தவிர்க்கின்றன.

உறக்கம் நீங்குதல்

இயற்கையில் வெப்பநிலை மாற்றம், காட்டுத்தீ, விலங்குகளின் செரிமானப் பாதை ஆகியவற்றால் கடின விதையுறை தளர்கிறது. ஆப்பிள் விதைகள் ஈரத்துடன் கூடிய குளிரில் பல வாரங்கள் இருந்த பின்னரே முளைக்கும். நாற்றங்கால்களில் சவுண்டல் விதைகளை வெந்நீரில் இட்டு எடுத்தபின் விதைப்பர்.

விதைகளின் வாழ்நாள்

களைகளின் விதைகள் மண்ணில் எத்தனை ஆண்டுகள் உயிருடன் இருக்கும் என்பதை அறிய, 1879இல் வில்லியம் சேம்சு பீல் என்னும் தாவரவியலாளர் அமெரிக்காவின் மிச்சிகனில் 20 புட்டிகளில் விதைகளைப் புதைத்து வைத்தார். 2021இல் தோண்டியெடுத்த புட்டியிலிருந்தும் வெர்பாசுக்கம் என்னும் களைச்செடியின் விதைகள் முளைத்தன. இசுரேலின் மசாதாவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழமையான பேரீச்சை விதையொன்று 2005இல் முளைத்தது.

எல்லா விதைகளும் இவ்வாறு நீடிப்பதில்லை. மா, பலா, இரப்பர் ஆகியவற்றின் விதைகள் உலர்ந்தால் உயிரிழக்கும். ஆகவே உலர்த்திக் குளிரூட்டிச் சேமிக்கும் விதை வங்கிகளில் இவற்றைப் பாதுகாக்க இயலாது.

வேளாண்மையில் முக்கியத்துவம்

உறக்கம் உழவருக்கு நன்மையும் தீமையும் தருவது. கொத்து வகை நிலக்கடலைக்குப் பொதுவாக உறக்கம் இல்லை. அறுவடைக் காலத்தில் மழை பெய்தால் பருப்பு மண்ணுக்குள்ளேயே முளைத்து விளைச்சல் வீணாகும். படரும் வகைகளில் உறக்கம் இருப்பதால் இவ்விழப்பு குறைவு. நெல்லில் சில வாரங்கள் நீடிக்கும் உறக்கம், கதிரிலேயே மணிகள் முளைப்பதைத் தடுக்கிறது. ஆனால் அறுவடை செய்த நெல்லை உடனே விதைக்க வேண்டுமெனில் அதுவே தடையாகும். களைகளின் விதைகள் வெவ்வேறு காலங்களில் உறக்கம் நீங்கி முளைப்பதால், ஒருமுறை களையெடுத்த வயலிலும் அவை மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன.