91-ஆ 95-ஆ? பெட்ரோல் பங்க் நம்பருக்குப் பின்னால ஒரு ஈயக் கதை (இழை)

1/ நாவலூர்ல ஓஎம்ஆர் ஓரத்து பங்க்ல வண்டியோட நிக்கிறேன். கிளினிக்குக்கு வர்ற ஒருத்தர் பக்கத்து வரிசையில இருந்து கேட்டார்: "டாக்டர், பிரீமியம் பெட்ரோல் போட்டா காருக்கு நல்லதுதானே? விட்டமின் மாத்திரை மாதிரி?" அவருக்கான பதில் கடைசியில இருக்கு. அதுக்கு முன்னாடி அந்த நம்பரோட வரலாறு. அதுல நம்ம ஊர் குழந்தைங்களோட ரத்தமும் இருக்கு.

2/ முதல்ல ஆக்டேன்னா என்ன? இன்ஜினுக்குள்ள பெட்ரோலும் காத்தும் அழுத்தப்படும். பிளக்ல இருந்து கிளம்பின நெருப்பு வந்து சேர்றதுக்கு முன்னாடியே ஒரு பகுதி தானா பத்திக்கிட்டா 'டக் டக்'னு சத்தம் வரும். இதுதான் நாக்கிங். தொடர்ந்து நடந்தா பிஸ்டன் கெடும்.

3/ நாக்கிங்கை எந்த அளவுக்குத் தாங்கும்னு சொல்ற எண்தான் ஆக்டேன். 1920கள்ல வந்த அளவுகோல். ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0. 91 பெட்ரோல்னா, 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த மாதிரி நடந்துக்கும். அவ்வளவுதான். சக்தியோ சுத்தமோ இந்த எண்ணுல இல்ல.

4/ அந்தக் காலத்து பெட்ரோலுக்கு ஆக்டேன் குறைவு. 1921 டிசம்பர்ல ஜெனரல் மோட்டார்ஸ்ல வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி ஒரு மருந்து கண்டுபிடிச்சார்: டெட்ராஎத்தில் ஈயம். துளி கலந்தாலே நாக்கிங் அடங்கிடும். விற்பனைப் பெயர் 'எத்தில்'. பேர்ல ஈயம்ங்கிற வார்த்தையே இல்ல, கவனிங்க.

5/ ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் குறையும்னு அவங்களுக்கு அப்பவே தெரியும். ஆனா ஆல்கஹாலை யார் வேணா காய்ச்சலாம், ஈயக் கலவைக்குக் காப்புரிமை வாங்கலாம். ஈயம் ஜெயிச்சுது.

6/ 1924 அக்டோபர்ல நியூ ஜெர்சியில இதைத் தயாரிச்ச ஆலையில 5 தொழிலாளிங்க செத்தாங்க. சாகுறதுக்கு முன்னாடி சித்தம் கலங்கிப் போச்சு. அதே மாசம் மிட்ஜ்லி நிருபர்கள் முன்னாடி அந்தத் திரவத்துல கை கழுவிக் காட்டினார். அதுக்கு முந்தின வருஷம் அவரே ஈய நச்சுக்கு ஓய்வு எடுத்தவர். கொஞ்ச நாள் நிறுத்தி வச்ச விற்பனை 1926-ல திரும்ப ஆரம்பிச்சுது.

7/ டாக்டரா சொல்றேன். ஈயம் உடம்புக்குள்ள கால்சியம் மாதிரி வேஷம் போடும். எலும்புல போய் வருஷக்கணக்குல உட்காரும். மூளைக்கும் போகும். விழுங்கின ஈயத்துல பெரியவங்க உடம்பு கொஞ்சம்தான் எடுத்துக்கும். குழந்தைங்க உடம்பு பாதி வரைக்கும் எடுத்துக்கும். தரையில தவழ்ந்து கையை வாயில வைக்கிறதும் அவங்கதான்.

8/ 1979-ல ஹெர்பர்ட் நீடில்மன்ங்கிற டாக்டர் குழந்தைங்களோட விழுந்த பால் பற்களைச் சேகரிச்சு ஈயம் அளந்தார். அதிகமா இருந்த குழந்தைங்களுக்கு அறிவுத்திறன் மதிப்பெண்ணும் கவனமும் குறைவு. வெளியில பார்த்தா எந்த நோயும் தெரியாது.

9/ நம்ம ஊருக்கு வருவோம். நீங்க 80கள், 90கள்ல தாம்பரத்துல ஸ்கூலுக்குப் போனவரா? ஜிஎஸ்டி ரோட்டுல ஆட்டோவும் ஸ்கூட்டரும் விட்ட புகையில ஈயம் இருந்துச்சு. மெக்கானிக் அண்ணன் டியூப்பை வாயில வச்சு உறிஞ்சினதும், கிரீஸ் கையைக் கழுவினதும் அதே பெட்ரோல்லதான்.

10/ 1994-ல சென்னை உட்பட 4 பெருநகரங்கள்ல ஈயத்தைக் குறைச்சாங்க. 1995 ஏப்ரல் 1 முதல் அந்த நகரங்கள்ல புது கார்களுக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயம். ஈயம் பட்டா கன்வெர்ட்டர் வீணாயிடும். அதனால ஈயம் இல்லாத பெட்ரோலும் கூடவே வந்துச்சு. நாடு முழுக்க நின்னது 2000 பிப்ரவரியில.

11/ அதோட முடிஞ்சுதா? இல்லீங்க. 2005-06-ல சென்னையில 3 முதல் 7 வயசு வரைக்கும் 700-க்கு மேற்பட்ட குழந்தைங்களோட ரத்தத்தைச் சோதிச்சாங்க. சராசரி ஈயம் டெசிலிட்டருக்கு சுமார் 11 மைக்ரோகிராம். அன்னைக்கு அமெரிக்காவுல கவலைக்குரிய அளவு 10, இப்போ 3.5. அளவு கூடக்கூட, வகுப்புல கவனக்குறைவும் பதட்டமும் கூட இருந்ததா டீச்சர்கள் கொடுத்த மதிப்பீடு காட்டுச்சு.

12/ பெட்ரோல்ல ஈயம் நின்னு 5 வருஷம் கழிச்சு இந்த நிலைமை. ஈயம் மக்காது. மண்ணுல, தூசியில அப்படியே கிடக்கும். பெயின்ட், பேட்டரி உடைக்கிற இடம்னு வேற வழிகளும் உண்டு. பெயின்ட்டுக்கு 90 பிபிஎம் வரம்பு 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு.

13/ உலகத்துலயே கடைசியா அல்ஜீரியா 2021-ல ஈய பெட்ரோலை நிறுத்துச்சு. கண்டுபிடிச்சு கிட்டத்தட்ட 100 வருஷம். இப்போ நம்ம பங்க்ல ஆக்டேனை ஏத்துறதுல எத்தனாலுக்கும் பங்கு இருக்கு. ஆமா, அன்னைக்கு ஓரங்கட்டின அதே ஆல்கஹால்தான்.

14/ சரி, அந்த நண்பருக்கு பதில். கார் கையேட்டையோ பெட்ரோல் மூடிக்கு உள்பக்கத்தையோ பாருங்க. 91 போதும்னு இருந்தா 91. 95 வேணும்னு இருந்தா (சில டர்போ இன்ஜின்களுக்கு இருக்கும்) 95. குறைபாடு இல்லாதவர் விட்டமின் மாத்திரை போட்டா காசு யூரின்ல போகும். இங்க சைலன்சர் வழியா போகும்.

15/ மிச்சமாகற காசுல ஒண்ணு பண்ணுங்க. வீட்டுல சின்னக் குழந்தை இருந்து பழைய பெயின்ட் உரிஞ்சா, சுரண்டாம ஈரத்துணியால துடைங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி குழந்தை கையைக் கழுவி விடுங்க. ரோட்டோரத் தூசி இருக்கற செருப்பு வாசல்லயே இருக்கட்டும். அப்புறம், ஈயம் இல்லைன்னாலும் பெட்ரோலை வாயில உறிஞ்சாதீங்க, கை கழுவாதீங்க. புற்றுநோய் உண்டாக்கற பென்சீன் அதுல இன்னமும் இருக்கு.

இழை முற்றும். மெக்கானிக் கடை வச்சிருக்கற நண்பர்களுக்கு அனுப்புங்க.