கோபுரமே கோயிலாக இருந்த காலம்: பார்ட்டன் புனித பேதுரு ஆலயத்தின் கட்டட வரலாறு

இங்கிலாந்தில் லிங்கன்ஷயரின் வடகோடியில், ஹம்பர் கழிமுகத்தின் தென்கரையில் உள்ள ஊர் பார்ட்டன். அங்குள்ள புனித பேதுரு பங்கு ஆலயத்தைப் பார்ப்பவர்கள், நீண்ட கூடத்தைக் கோயில் என்றும் மேற்கிலுள்ள கோபுரத்தை அதன் துணை உறுப்பு என்றும் கொள்வது இயல்பு. வரலாறோ நேர்மாறானது. முதலில் கோபுரமே கோயில். கூடம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

கோபுரத்தின் பழமையை 1819-இல் நிறுவியவர் தாமஸ் ரிக்மன். முறையான கட்டடக்கலைப் பயிற்சி பெறாத அவர் எந்த ஆவணத்தையும் நம்பவில்லை; சுவரையே படித்தார். உச்சியிலுள்ள மணிநிலை தொடக்கக்கால நார்மன் பாணியில் இருக்கிறது. அதைத் தாங்கும் இரு நிலைகளின் வேலைப்பாடு முற்றிலும் வேறு. மேலே இருப்பது பிந்தியது என்றால், கீழே இருப்பது 1066-ஆம் ஆண்டு நார்மன் படையெடுப்புக்கு முந்தைய ஆங்கிலோ-சாக்சன் பணியாகத்தான் இருக்க வேண்டும். மண்ணடுக்குகளுக்குத் தொல்லியலாளர் பின்னாளில் பொருத்திய தர்க்கத்தை இவர் சுவருக்குப் பொருத்தியிருக்கிறார்.

அந்தக் கீழ்நிலைகளில் கரட்டுக்கல் சுவர்மீது மெல்லிய கற்பட்டைகள் புடைத்து நிற்கின்றன. கீழ் வரிசையில் அரைவட்ட வளைவுகள். மேல் வரிசையில் முக்கோண முகடுகள். மேல்வரிசைப் பட்டைகள் கீழ் வளைவுகளின் உச்சியிலேயே ஊன்றி எழுகின்றன. பாரம் தாங்கும் தூணை எந்தக் கொத்தனாரும் அப்படி நிறுத்த மாட்டார். ஆகவே இவை சுவரைத் தாங்குபவை அல்ல, அலங்காரமே. மரவேலையைப் பார்த்துக் கல்லில் செய்தது என்ற பழைய விளக்கம் கவர்ச்சியானது. ஆனால் இந்த ஒரு கோபுரத்தை மட்டும் வைத்து அதை மெய்ப்பிக்க முடியாது.

கோபுரமே கோயில் என்பதற்கு வலுவான சான்று அதன் அடித்தளத்தில் இருக்கிறது. வடக்கிலும் தெற்கிலும் வாசல்கள். கிழக்கிலும் மேற்கிலும் வளைவுத் திறப்புகள். வெறும் மணிக்கோபுரத்துக்கு நான்கு பக்கமும் வழி எதற்கு? மேற்கிலுள்ள சிற்றறை இன்றும் நிற்கிறது. அதைத் திருமுழுக்கு அறை என்று ஆய்வாளர் கொள்கின்றனர். கிழக்கே இருந்த திருப்பீட அறையின் அடித்தளம் இன்றைய கூடத்தின் தரைக்கடியில் கிடைத்தது. வழிபட வந்தவர்கள் நின்றது நடுவிலுள்ள கோபுரத்துக்குள்.

மக்கள் பெருகியதும் கிழக்கு அறை இடிக்கப்பட்டது. அதன் இடத்தில் கூடம் எழுந்து நீண்டது, பக்கக்கூடங்கள் சேர்ந்தன, 15-ஆம் நூற்றாண்டில் மேல்வரிசைச் சாளரங்கள் உயர்ந்தன. இவை அழகானவையே, ஆனால் அக்கால இங்கிலாந்துப் பங்கு ஆலயங்கள் பலவற்றில் காணக்கூடியவை.

1970-களில் ஆலயத்தில் வழிபாடு நின்றது. அதனால்தான் 1978 முதல் 1984 வரை உள்ளேயும் வெளியேயும் விரிவாக அகழ முடிந்தது. 2,700-க்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆங்கிலோ-சாக்சன் காலம் தொட்டு 19-ஆம் நூற்றாண்டு வரை அங்கே புதைக்கப்பட்டவர்கள் அவர்கள். ஆயினும் கட்டட வரலாற்றுக்கு முதன்மையான சான்று எலும்புகள் அல்ல, தரைக்கடியில் கிடந்த அந்தத் திருப்பீட அறையின் அடித்தளமே.